சூரியப் புயல்: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தை மக்கள் ‘அடிவாரம்’ என்றே அழைக்கின்றனர். அந்த அடிவாரத்திலுள்ள ஒரு வீட்டில், கிப்லாவை அறிவதற்காக ஒரு திசைகாட்டியைத் தரையில் வைப்பதாகக் கொள்வோம். முள் சற்று ஆடி, வடக்கு நோக்கி நிற்கும். அம்முள்ளை நிறுத்தி வைப்பது பூமியின் காந்தப்புலம். அதே முள்ளை அசைத்துப் பார்க்கும் ஆற்றல் இன்னொன்றுக்கும் உண்டு. அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதுவே சூரியன்!

அண்மை ஆண்டுகளில் ‘சூரியப் புயல்’ என்னும் சொல் நம் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. “இன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை விண்கதிர்கள் பூமியைத் தாக்கும், கைப்பேசியை அணைத்து விடுங்கள், தலைமாட்டில் வைத்து உறங்காதீர்கள்” என்னும் செய்தி, தேதி கூட இல்லாமல், ஆண்டுதோறும் கைப்பேசிகளில் வலம் வருகிறது. “இணையம் மாதக்கணக்கில் அழிந்துவிடும்” என்பது மற்றொரு செய்தி. இவற்றைக் கேட்டு அஞ்சுவோர் ஒருபுறம். “எல்லாம் கட்டுக்கதை” என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவோர் மறுபுறம். இவ்விரண்டுமே சரியன்று. சூரியப் புயல் என்பது மெய்யான ஒன்று, அளந்தறியப்பட்ட ஒன்று. ஆனால் அது எதைத் தாக்கும், எதைத் தாக்காது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

சூரியனில் நிகழ்வது என்ன?

சூரியன் என்பது கொதிக்கும் வாயுக்கோளம். அதனுள் மின்னேற்றம் பெற்ற பொருள் ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால், வலிமை மிக்க காந்தப்புலங்கள் உருவாகின்றன. அவை முறுக்கேறி மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும் இடங்களே சூரியப் புள்ளிகள். சுற்றுப்புறத்தை விட வெப்பம் குறைந்திருப்பதால் அவை கருமையாகத் தோன்றுகின்றன. இப்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பின்னர் குறைகிறது. இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவியலாளர்கள் அறிவித்தனர். ஆயினும் உச்சம் கடந்துவிட்டால் ஆபத்தும் கடந்துவிட்டது என்று பொருளல்ல. 2003ஆம் ஆண்டின் பெரும் புயல்கள், அப்போதைய உச்சம் கடந்து ஈராண்டுகள் போல் ஆன பின்னரே வந்தன.

முறுக்கேறிய கயிறு அறுந்து தெறிப்பது போல், இக்காந்தப்புலங்கள் திடீரென அவிழும்போது இருவகை நிகழ்வுகள் ஏற்படுகின்றன. முதலாவது, ஒளியும் ஊடுகதிர்களும் பீறிடும் சூரியச் சுடர். ஒளியின் வேகத்தில் வருவதால் அது 8 நிமிடங்களில் பூமியை அடைந்துவிடும். பகலாக இருக்கும் பகுதிகளில், கப்பல்களும் விமானங்களும் பயன்படுத்தும் சிற்றலை வானொலித் தொடர்பை அது சிறிது நேரம் முடக்கக்கூடும். இரண்டாவது, சூரியனின் வெளிப்புறத்திலிருந்து பெரும் பொருள்திரள் ஒன்று தன் காந்தப்புலத்துடன் வீசியெறியப்படுவது. அதன் நிறை 100 கோடி டன் அளவுக்கும் இருக்கக்கூடும். அது நம்மை வந்தடைய, வேகத்தைப் பொறுத்து, ஒரு நாளுக்கும் குறைவாகவோ மூன்று நான்கு நாள்களோ ஆகலாம். பூமியில் பெரும் காந்தப் புயலை எழுப்புவது இந்த இரண்டாவது வகையே.

நமக்கு அமைந்துள்ள இரு காப்புகள்

இப்பொருள்திரள் நேரே வந்து நம்மீது விழுவதில்லை. பூமியின் காந்தப்புலம் முதலில் அதனைத் தடுத்துத் திசைதிருப்புகிறது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்தக் கோடுகளைக் குறுக்கே கடக்க இயலாமல், அவற்றின் வழியே வழிந்து துருவப் பகுதிகளை நோக்கிச் செல்கின்றன. அங்கே அவை காற்றோடு மோதும்போது வானில் தோன்றும் பச்சை, சிவப்பு வண்ணங்களே துருவ ஒளி.

இரண்டாவது காப்பு, நாம் சுவாசிக்கும் இக்காற்று மண்டலம். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் மொத்த எடை, 10 மீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்கு நிகரானது. அத்தனை தடிப்பான சுவரைக் கடந்து சூரியச் சுடரின் ஊடுகதிர்கள் தரைக்கு வருவதில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் வசிப்பவருக்கும், கீழே அடிவாரத்தில் வசிப்பவருக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை. தரையில் வாழும் மனிதரின் உடலுக்குச் சூரியப் புயலால் தீங்கில்லை. இதனை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்தாலும் வைக்காவிட்டாலும், விண்கதிர் அதன் வழியாக உங்களைத் தேடி வருவதில்லை.

பூமத்திய ரேகையைப் போலவே காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அது தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. இதன் காரணமாகவே 1963இல் நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்தனர். துருவங்களிலிருந்து நாம் இவ்வளவு தொலைவில் இருப்பதால், கனடாவும் சுவீடனும் அடையும் பாதிப்பு நமக்கு அதே அளவில் நேர்வதில்லை. எனினும் நாம் முற்றிலும் தப்பித்தவர்களும் அல்லர்.

பம்பாயில் பதிவான மாபெரும் புயல்

வரலாற்றில் அளந்தறியப்பட்ட மிகப் பெரிய சூரியப் புயல் 1859ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசியது. செப்டம்பர் 1 அன்று, இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் மேல் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி சில நிமிடங்கள் மின்னி மறைந்ததைக் கண்டார். ஏறத்தாழ பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமியை அடைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் பாய்ந்தது. சில இடங்களில் மின்கலத்தைக் கழற்றிய பின்னரும் தந்தி வேலை செய்தது!

அப்புயலின் வலிமையை அறிவதற்கு உலகம் இன்று நாடுவது எந்த ஏட்டை என்று நினைக்கிறீர்கள்? நம் நாட்டின் பம்பாய், கொலாபா ஆய்வகத்தின் ஏட்டைத்தான். காந்த ஊசியின் நிலையை அங்குள்ள ஊழியர்கள் இரவும் பகலும் கண்ணால் பார்த்துக் கையால் எழுதி வைத்திருந்தனர். அன்று பூமியின் கிடைமட்டக் காந்த விசை ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்ததாக அந்த ஏடு காட்டுகிறது. அஃதாவது, இருபத்தைந்தில் ஒரு பங்கு போன்ற வீழ்ச்சி. அந்தப் பழைய எண்களை எடுத்து, இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரை, உலக அறிவியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது. தனக்கு இடப்பட்ட பணியை அமானிதமாகக் கருதி ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்த குறிப்பு, 144 ஆண்டுகள் கழித்து உலகுக்குப் பயன்பட்டது. இது நாம் சிந்திக்க வேண்டிய பாடமல்லவா?

தாக்கப்படுவது எது?

உடலைத் தாக்காத புயல், நாம் சார்ந்திருக்கும் கருவிகளைத் தாக்கக்கூடும். காந்தப்புலம் வேகமாக மாறும்போது நிலத்தில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது நீண்ட மின்கம்பிகளின் வழியே நுழைந்து, பெரிய மின்மாற்றிகளைச் சூடேற்றிப் பழுதாக்குகிறது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் வீழ்ந்தது. 60 இலட்சம் மக்கள் ஏறத்தாழ 9 மணி நேரம் இருளில் இருந்தனர். 2003 அக்டோபர் 30 அன்று சுவீடனின் மால்மோ நகரம் ஒரு மணி நேரம் போல் மின்சாரம் இழந்தது.

கம்பி நீளமாக நீளமாக இவ்வகைத் தூண்டல் மின்னோட்டம் வலுப்பெறும். நம் தென்மாநில மின்கட்டமைப்பு, 2013 டிசம்பர் 31 முதல் நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒரே வலையாக இணைக்கப்பட்டுள்ளது. மேட்டூரில் பிறக்கும் மின்சாரமும் வடமாநிலத்தில் பிறக்கும் மின்சாரமும் இன்று ஒரே வலையில் ஓடுகின்றன. இதனால் நன்மைகள் பல. ஒரு மூலையில் நேரும் பெருங்கோளாறு மறு மூலையை எட்டும் வாய்ப்பும் உண்டு. எனவேதான் மின்துறைப் பொறியாளர்கள் விண்வெளி வானிலையையும் கவனிக்க வேண்டியவர்களாக உள்ளனர்.

செயற்கைக்கோள்களுக்கும் இழப்பு உண்டு. புயலின்போது மேல்வளிமண்டலம் வெப்பமுற்று விரிவதால், தாழ்வாகச் சுற்றும் கோள்களுக்கு உராய்வு மிகுந்துவிடும். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 40 வரை, நடுத்தரமான ஒரு புயலாலேயே சுற்றுப்பாதையை எட்டாமல் வீழ்ந்தன. வழிகாட்டும் கோள்களின் குறிப்பலைகள் தடுமாறுவதால், கைப்பேசி காட்டும் இடம் பிசகலாம். 2024 மே மாதப் புயலின்போது அமெரிக்காவில், ஜி.பி.எஸ். உதவியால் நேர்கோட்டில் விதைக்கும் உழவு இயந்திரங்கள் வழி தவறியதால், உழவர்கள் விதைப்பை நிறுத்த நேரிட்டது.

இணையத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். கடலடிக் கண்ணாடி இழைகளில் ஓடுவது ஒளி. அதனைக் காந்தப் புயல் தீண்டாது. ஆனால் வழியில் ஒளியைப் பெருக்கும் கருவிகளுக்கு மின்சாரம் தரும் கம்பி அவ்விழையோடு சேர்ந்தே ஓடுகிறது. ஆபத்து அங்கேதான். 2021இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை இதனைச் சுட்டி, துருவங்களுக்கு அண்மையிலுள்ள தடங்களுக்கே இடர் மிகுதி என்று எச்சரித்தது. முன்னேற்பாடு செய்யுங்கள் என்று கூறிய அக்கட்டுரைதான், கைமாறிக் கைமாறி, ‘இணையப் பேரழிவு நாள்’ என்று திரிந்தது.

நம் மலைகளிலிருந்து ஒரு காவல்

சூரியனைக் கவனிக்கும் பணியில் தமிழகத்து மலைகளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சேலம் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் அப்பஞ்சத்தின் பின்னணியில் வலுப்பெற்றது. அதன் விளைவாகப் பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேயே கண்டறிந்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படம் பிடித்துச் சேர்த்த அரிய கருவூலம் அங்கே உள்ளது. வயிற்றுப் பசி எழுப்பிய ஒரு கேள்வி, வானத்தைப் பற்றிய அறிவாக வளர்ந்தது.

நீலகிரியில், உதகையிலுள்ள ‘கிரேப்ஸ்-3’ ஆய்வுக்கூடம் விண்கதிர்களை அளக்கிறது. 2015 ஜூன் 22 அன்று ஒரு சூரியப் புயல் தாக்கியபோது, பூமியின் காந்தக் காப்பு சற்றே தளர்ந்து, வழக்கத்தை விட மிகுதியான விண்கதிர்கள் 2 மணி நேரம் நுழைந்ததை அது பதிவு செய்தது. அவை ரமளானின் தொடக்க நாள்கள். நாமெல்லாம் நோன்பு நோற்று, இரவில் தொழுது, ஸஹருக்கு எழுந்தோம். நம்மில் எவரும் எதையும் உணரவில்லை. கருவி உணர்ந்தது, உடல் உணரவில்லை. இதுவே நாம் மேலே கூறியதற்குச் சான்று.

2024 மே 10, 11 ஆகிய நாள்களில் வீசிய புயல், 2003க்குப் பின் வந்தவற்றுள் மிகக் கடுமையானது. லடாக்கிலுள்ள ஹான்லேயில் இரவு வானம் சிவந்ததை அங்குள்ள வானாய்வகத்தின் கேமராக்கள் பதிவு செய்தன. நம் நாட்டின் ஆதித்யா-எல்1 விண்கலமும் அப்புயலைக் கவனித்தது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அக்கலம், 2024 ஜனவரி 6 அன்று, பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. அங்கு காவல் நிற்கும் கலம் புயலை நேரில் உணர்ந்த பின், அது பூமியை எட்ட அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்தச் சிறு இடைவெளியில் செயற்கைக்கோள்களையும் மின்மாற்றிகளையும் காக்க வழி பிறக்கிறது.

இத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர் சகோதரி நிகார் ஷாஜி அவர்கள். தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்து, தமிழகத்தில் பள்ளிக் கல்வியும் பொறியியலும் பயின்று, 1987இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். “பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?” என்று இன்னமும் கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்குமானால், அவர்களுக்கு இது போதிய விடையாகும்.

கிப்லாவும் காந்த முள்ளும்

இனி, அடிவாரத்தில் தரையில் வைத்த திசைகாட்டிக்கு வருவோம். சூரியப் புயல் வீசினால் கிப்லா பிசகிவிடுமா? நம் பகுதியில் பெரும் புயலின்போதும் முள்ளின் திசை மாறுவது ஒரு பாகைக்கும் குறைவே. நம் கண்ணுக்கே அது தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை, காந்தக்கல் எனப்படும் இரும்புத் தாது நிறைந்த மலை. அத்தகைய பாறையின் அருகிலும், இரும்பு அலமாரி, கம்பி கட்டிய தூண், ஒலிபெருக்கி, கைப்பேசி ஆகியவற்றின் அருகிலும் முள் பல பாகைகள் விலகி நிற்கும். மின்சார டிராம் வண்டிகளால் அளவு கெடும் என்று அஞ்சித்தான், கொலாபாவின் காந்த ஆய்வுப் பணியையே 1904இல் அலிபாக்கிற்கு மாற்றினர். எனவே 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயலுக்கு அஞ்சுமுன், பக்கத்திலுள்ள இரும்பை அகற்றுங்கள்!

சேலம், ஏற்காடு பகுதியில் கிப்லா நேர்மேற்கு அன்று; மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 20 பாகை சாய்ந்தது. இதனைச் சூரியனைக் கொண்டே சரிபார்க்கலாம். ஆண்டுதோறும் மே 28 அன்று பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 அன்று பிற்பகல் 2.57 மணிக்கும், லீப் ஆண்டுகளில் அவற்றுக்கு முந்திய நாளிலும், சூரியன் மக்காவில் கஅபாவுக்கு நேர்மேலே நிற்கிறது. அந்நேரத்தில் சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கிக் கோடிழுத்தால், அதுவே கிப்லா. மேகம் மறைத்தால் முந்திய நாளோ மறுநாளோ அதே நேரத்தில் பார்க்கலாம். வேறுபாடு மிகச் சிறிதே. இதற்குக் காந்தமும் வேண்டாம், கோளும் வேண்டாம். சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் நேரே நோக்காதீர்கள், நிழலைப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் பிடித்ததென மக்கள் பேசிக்கொண்டனர். துக்கத்திலிருந்த நபியவர்களோ, தம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் அப்பேச்சை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தி, தொழுகையின்பால் மக்களைத் திருப்பினார்கள். வானில் நிகழ்வதைப் பற்றி உண்மைக்கு மாறானதைப் பரவ விடலாகாது என்பதற்கு இதனினும் பெரிய முன்மாதிரி வேறென்ன வேண்டும்? செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள் என்பதும் நமக்கு இடப்பட்ட கட்டளையன்றோ!

ஆகவே, சூரியப் புயல் பற்றிய செய்தி வந்தால் அதில் தேதி உள்ளதா, எந்த நிறுவனம் கூறியது, அந்நிறுவனத்தின் அறிவிப்பில் அது உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் உங்கள் கையிலேயே நிறுத்திவிடுங்கள். முதியவர் ஒருவரின் உறக்கத்தைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம்.

வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகளின் விமானத்தை நினைத்தும் அஞ்ச வேண்டியதில்லை. புயல் நாள்களில் வழிமாற்றப்படுபவை, பெரும்பாலும் துருவத்தை ஒட்டிச் செல்லும் விமானங்களே.

முன்னேற்பாடுகள் எளியவை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்து மின்சாரம் போனால் என்ன செய்வோமோ, அதுவே இதற்கும் போதும். ஒரு கைவிளக்கு, இரண்டு நாள் குடிநீர், நோயாளிக்குரிய மருந்து, சிறிது ரொக்கப் பணம், காகிதத்தில் எழுதிய தொலைபேசி எண்கள் ஆகியவற்றை வீட்டில் வைத்திருங்கள். பள்ளிவாசல்களில் அச்சிட்ட தொழுகை நேர அட்டவணையும், நேரம் சரியாகக் காட்டும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருக்கட்டும். கைப்பேசிச் செயலி ஒரு நாள் ஓய்ந்தாலும் பாங்கொலி ஓயாது.

பிள்ளைகளை ஒருமுறை கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்று அந்த ஆய்வகத்தைக் காட்டுங்கள். அறியாதவனுக்கு அச்சமூட்டும் சூரியன், அறிந்தவனுக்குப் படைத்தவனின் வல்லமையை நினைவூட்டும் சான்றாக விளங்குகிறது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், உண்மையை மட்டுமே பரப்பும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.